நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆணின் உடலும் ஊக்கமும்: மொரிஷியஸ் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் எழும்போதே களைப்பு. வேலையில் பிடிப்பு இல்லை. வீட்டில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் கோபம். மாலையில் இரண்டு கிளாஸ் ரம் உள்ளே போனால்தான் மனம் அடங்குகிறது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் புத்தாண்டுக்குச் சபதம் எடுத்து, ஜனவரி முடிவதற்குள் கைவிடுகிறார்கள். ஊக்கம் என்பது மனத்தில் மட்டும் ஊறுவது என்று இரு சாராருமே நினைக்கிறார்கள். நடுவயதில் அது வற்றும்போது பல பேருக்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது: தூக்கத்தில் மூச்சு அடைபடுதல், கண்டுபிடிக்காத சர்க்கரை, தைராய்டு குறைவு, இரத்தசோகை, தினசரிக் குடி. அதைத் தேடிப் பார்க்காமல் மன உறுதியைத் தேடி அலைவதில் பயனில்லை.

மன உறுதிக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்பதற்கு இந்தத் தீவிலேயே சான்று இருக்கிறது. ரேஷனில் கிடைத்த எண்ணெய் முன்பு பெரும்பாலும் பாமாயில். 1987-ல் அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில் முக்கியப் பங்கு எண்ணெய்க்கு உண்டு. அதற்காக யாரும் சபதம் எடுக்கவில்லை. கடையில் விற்ற போத்தல் மாறியது. சர்க்கரை நோய் மட்டும் குறையவில்லை, இன்றும் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முதலில் உடலை அளக்கச் சொல்லும். பிறகு தூக்கம், மாலை நேரம், சமையலறை, தசை என்று ஒவ்வொன்றாக வீட்டில் மாற்றச் சொல்லும். வரிசை முக்கியம். தூக்கம் கெட்டிருப்பவர் உடற்பயிற்சியில் தொடங்கினால் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவார்.

முதலில் அளவு

இடுப்பு. தையல் டேப் போதும். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையில்லாமல், இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்கவேண்டும். பேன்ட் கட்டும் இடம் வேறு. தொந்தி உள்ளவர்கள் பேன்ட்டைத் தொந்திக்குக் கீழே கட்டுவதால் அந்த அளவு ஏமாற்றும். தெற்காசிய வம்சாவளி ஆணுக்கு 90 செ.மீ. தான் எல்லை. நம்முடைய உடல் கொழுப்பைக் கை கால்களில் வைப்பதைவிடக் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் அதிகம் வைக்கிறது. எடை சரியாக இருந்தும் சர்க்கரை வருவது அதனால்தான்.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்ப்பது நல்லது. ஆனால் முறையாகப் பார்ப்பவர்கள் குறைவு. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். கையின் சுற்றளவை அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் பட்டை அளவுக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். தடித்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தேநீர், காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் நெஞ்சின் உயரத்துக்கு வையுங்கள். மடியில் தொங்கவிட்டால் எண் ஏறும். பட்டையைச் சட்டைமேல் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். இப்படிக் காலையும் (மாத்திரைக்கு முன்) மாலையும் ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்குமேல் இருந்தால், அந்தத் தாளோடு டாக்டரிடம் போகவேண்டும். ஒரே ஒரு தடவை அதிகமாகக் காட்டியதற்காகப் பயப்படவும் வேண்டாம், ஒரு தடவை குறைந்ததற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் வட்டாரச் சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 மில்லிமோலோ அதற்குமேலோ இரண்டு தடவை வந்தால் அது சர்க்கரை நோய், 6.1 முதல் 6.9 வரை எச்சரிக்கை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டால் நோய். இதில் ஒரு நுணுக்கம்: தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்களுக்கும் இரத்தசோகை உள்ளவர்களுக்கும் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கல்லீரல் என்சைம், தைராய்டுக்கு டிஎஸ்எச் ஆகியவை களைப்புக்கும் எதிர்காலத்துக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டியவை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12-ஐயும் பார்க்கட்டும். அந்த மாத்திரை அதைக் குறைக்கும். குறைந்தால் களைப்பும் கால் மரத்துப்போதலும் வரும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதிக்குமேல் வியாபாரம். ஆசை குறைந்து, விடிகாலை விறைப்பும் நின்றுபோயிருந்தால்தான் அந்தப் பரிசோதனை. காலை 11 மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் இல்லாத நாளில், இரண்டு வேறு நாள்களில் எடுக்கவேண்டும். மாலையில் எடுத்தால் பலருக்கும் குறைவாகத்தான் இருக்கும். தொந்தியும் கெட்ட தூக்கமுமே அதைக் குறைப்பதால், அவற்றைச் சரிசெய்தாலே பலருக்கு அளவு ஏறிவிடுகிறது. ஜிம்மில் கைமாறும் ஊசிகளைத் தொடவே தொடாதீர்கள். அவை விந்து உற்பத்தியை நிறுத்தும், இரத்தத்தைக் கெட்டியாக்கும்.

விறைப்புக் குறைவைப் பற்றி வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும். ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மி.மீ. அகலம், இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. இரண்டிலும் ஒரே கொழுப்பு படிகிறது, சிறிய குழாய் முதலில் அடைபடுகிறது. அதனால் இந்தக் குறை, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பவர் அந்த ஆண்டுகளை இழக்கிறார். டாக்டரிடம் இரண்டே வாக்கியம் போதும்: "விறைப்பு முன்போல் இல்லை. இதயத்தைப் பார்க்கவேண்டுமா?" விறைப்புக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையை நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்த்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மூலிகை என்று விற்கும் சில பொட்டலங்களிலும் இதே மருந்து சொல்லாமல் கலந்திருக்கும்.

புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையை 50 வயதில் டாக்டரோடு பேசி முடிவுசெய்யலாம். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் 45-லேயே. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவும் சைக்கிளும் தவிர்க்கவேண்டும், இல்லாவிட்டால் எண் வீணாக ஏறும்.

தூக்கம்

குறட்டை விடுகிறீர்களா என்பதை உங்களால் சொல்லமுடியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். "நடுவுல மூச்சு நிக்குது, அப்புறம் திணறி எழுந்துக்கறீங்க" என்று மனைவி சொன்னால் அது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்குமேல், இரத்த அழுத்தம், பகலில் கண் சொக்குதல், இரவில் அடிக்கடி சிறுநீர், காலையில் தலைவலி ஆகியவையும் அதே திசையைக் காட்டும். பஸ் ஓட்டுபவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் இது சாலை விபத்தில் முடியும். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் காற்றழுத்த முகக்கவசக் கருவி பொருத்துவார்கள். "எனக்கு இனிமேல் எதிலும் ஆர்வம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கருவிக்குப் பிறகு வேறு ஆளாக எழுந்திருப்பதுண்டு. கருவி வரும்வரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், இரவில் குடிக்காதீர்கள்.

மூச்சடைப்பு இல்லாதவர்கள் எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். ஞாயிறும் அதே நேரம். படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை நான்கு மணி வெனிலா தேநீரை இரண்டு மணிக்கு மாற்றினால் போதும், விடவேண்டாம். எபேன் சைபர் நகரில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் ஹோட்டல் வேலைக்காரர்களுக்கும்: விடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கையறையில் தடித்த திரை, நள்ளிரவுக்குப் பிறகு கனமான சாப்பாடு இல்லை.

மாலைக் கிளாஸ்

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். 5 சதவீத பீர் 330 மி.லி. குடித்தால் உள்ளே போவது 13 கிராம் சாராயம். 40 சதவீத ரம் 70 சென்டிலிட்டர் போத்தலில் சுமார் 220 கிராம். சனிக்கிழமை இரண்டு பேர் ஒரு போத்தலை முடித்தால் ஆளுக்கு 110 கிராம், அதாவது எட்டு பீர். வீட்டில் கண்ணளவில் ஊற்றும் ஒரு 'சிறிசு' பெரும்பாலும் 60 மி.லி., அதுவே 19 கிராம். கூடவே கஜாக் என்று பொரித்த மீனும் வேர்க்கடலையும் தட்டு தட்டாகப் போகும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குடி தூக்கத்தைக் கொண்டுவரும், பிறகு அதிகாலை மூன்று மணிக்கு உடைக்கும். இரத்த அழுத்தத்தையும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பையும் ஏற்றும்.

எப்படிக் குறைப்பது? முதல் வாரம் எதையும் மாற்றாமல், அளவுக் கிளாஸில் ஊற்றி எழுதிவையுங்கள். இரண்டாம் வாரம் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள். குடிக்கத் தோன்றினால் போய்த்தான் வாங்கவேண்டும் என்ற நிலை வரட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் குடியில்லாத நாள். குடிக்கும் அந்த மணி நேரத்துக்கு வேறு வேலை வேண்டும், வெறுமனே உட்கார்ந்திருந்தால் கை தேடும். தினமும் அரை போத்தல் குடிப்பவர்கள் மட்டும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

தட்டு

டால் பூரியை விடச்சொல்லப் போவதில்லை. அதை ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒரு ஜோடியோடு நிறுத்தி, பெரிய பீன்ஸ் கறியைக் கூடுதலாகக் கேளுங்கள், அலுதாவுக்குப் பதில் தண்ணீர். இரண்டு ஜோடியும் ஒரு இனிப்புப் பானமும் சேரும்போதுதான் மதியம் இரண்டு மணிக்குக் கண் செருகுகிறது. காலையில் வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டி மட்டும் என்றால் பத்து மணிக்குப் பசிக்கும். கூட இரண்டு முட்டை சேர்த்தால் மதியம்வரை தாங்கும்.

இந்த வயதில் புரதம் குறைவாகவும் சோறு அதிகமாகவும் இருப்பதே பொதுவான குறை. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 75 கிலோ ஆணுக்கு 75 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, கெட்டியாக வெந்த பருப்பு ஒரு கோப்பையில் 18. ரசம்போல் நீர்த்த பருப்பில் அந்தக் கணக்கு வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைக்கவும். இரவுத் தட்டில் பாதி காய்கறி: முருங்கைக்கீரைச் சாறு, பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, எது மார்க்கெட்டில் மலிவோ அது. கால்வாசி மீன், கோழி அல்லது பருப்பு. மீதிக் கால் சோறு. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமாக. உப்புமீனும் ஊறுகாயும் சோயா சாஸும் ஒரே நாளில் வந்தால் அந்த அளவு ஒரு வேளையிலேயே தாண்டிவிடும்.

இந்த மாற்றங்கள் சின்னதாகத் தெரியலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் மட்டும் மாற்றியபோது, மூன்று ஆண்டுகளில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மெட்ஃபார்மின் தந்த பலனும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

தசை

முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் கரைகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியைத் தசைதான் இழுத்துக்கொள்ளும். அது குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். ஆகவே நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள், இருபத்தைந்து நிமிடம், வீட்டிலேயே:

நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. சமையல் மேடையில் கை ஊன்றித் தண்டால். தண்ணீர் நிரப்பிய வாளியை, முதுகை நேராக வைத்து இடுப்பை மட்டும் மடக்கித் தூக்கி வைப்பது. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறுகையால் ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. "இன்னும் இரண்டு தடவை முடியும்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். 12 எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள் அல்லது மேடையிலிருந்து தாழ்ந்த பெஞ்சுக்கு இறங்குங்கள். மூச்சை அடக்காதீர்கள், அழுத்தம் எகிறும். மறுநாள் தசையில் வலி இருக்கலாம். மூட்டுக்குள் குத்தும் வலி இருந்தால் அந்த அசைவை விடுங்கள்.

நடைக்கு இங்கே இடத்துக்குக் குறைவில்லை. கியூர்பிப்பில் துரு ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி, போர்ட் லூயியில் ஷான் த மார்ஸில், மேற்கே கடற்கரையில். வாரத்துக்கு 150 நிமிடம், பேசமுடியும் ஆனால் பாடமுடியாது என்ற வேகத்தில். நவம்பர் முதல் ஏப்ரல்வரை காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை, சர்க்கரைக்கு மாலையிலேயே மிகப் பயனுள்ள பத்து நிமிடம். பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டுச் சனி இரவு ஐவர் கால்பந்துக்கு இறங்குவதைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். குதிகால் தசைநாண் அறுவதும் நெஞ்சு அடைப்பதும் அங்கேதான். ஆறு வாரம் மேலே சொன்னதைச் செய்த பிறகு மைதானத்துக்குப் போங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள்.

ஊக்கமும் மனமும் வீடும்

புதிய பழக்கம் 21 நாளில் படியும் என்று சொல்வதை நம்பவேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வில் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை எடுத்தது, நடுத்தர அளவு 66. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. ஆகவே புதியதை ஏற்கெனவே தவறாத ஒன்றோடு கட்டுங்கள்: மெட்ரோவைவிட்டு இறங்கியதும் ஒரு ஸ்டாப் தூரம் நடை, பல் தேய்த்ததும் மாத்திரை. ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம் மட்டும்.

இவையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தோ, எதிலும் விருப்பமற்றோ இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாக, ஓயாத வேலையாக, கூடுதல் குடியாக வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும், போ பாசினில் பிரவுன் செக்கார் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. சாகத் தோன்றுகிறது என்றால் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நண்பரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை.

வீட்டில் ஞாயிறு மாலை அரை மணி நேரம், மனைவியோடு, போன் இல்லாமல். அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, வங்கித் தவணை, பிள்ளையின் டியூஷன், உங்கள் இரண்டு பயிற்சி நாள், அவருக்குரிய இரண்டு மாலை. காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நேரம் இல்லை என்று தோன்றுவதில் பாதி, யார் எதைச் செய்வது என்று பேசாததால் வருவது. ஆண்டிறுதிப் போனஸ் வந்ததும் முதலில் அதிக வட்டிக் கடனை அடைக்கலாம். கடன் நினைப்போடு படுப்பவருக்குத் தூக்கம் எங்கே வரும்?

காவடிக் காலத்தில்

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்களைப் பாருங்கள். இரண்டு நாள் குடிக்காமல் இருக்கமுடியாதவர் பத்து நாள் இருக்கிறார், ஏனென்றால் வீடும் கோயிலும் அக்கம்பக்கமும் அவரோடு சேர்ந்து மாறுகின்றன. விரதத்தின் முதல் நாளும் பத்தாம் நாளும் இரத்த அழுத்தத்தையும் எடையையும் குறித்து வையுங்கள். உங்கள் உடலுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பது அந்த இரண்டு தாளில் தெரியும்.

சர்க்கரை நோயாளிகள் விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கவேண்டும். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கோர் த கார்ட் மலைக் கோயில் படி ஏறினால் சர்க்கரை சரியும். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளக்கவேண்டும், 4.0-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் உணவில்லாத நாளில் அதை நிறுத்துவது பற்றிக் கட்டாயம் கேட்கவும். இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் அலகு குத்தக்கூடாது. அதற்காக மருந்தைத் தாங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

பாதத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. கண்ணை மூடிப் படுங்கள். இன்னொருவர் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தொட்டதும் இடதா வலதா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் பாத நரம்பு உணர்விழந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் ஜனவரி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்கக்கூடாது, தீமிதியிலும் இறங்கக்கூடாது. கொப்புளம் வந்தும் தெரியாது, புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலை வரும். பூசாரியிடம் சொல்லி, செருப்போடு நடக்கவோ கோயில் வளாகத்துக்குள் மட்டும் பால்குடம் எடுக்கவோ ஏற்பாடு செய்யலாம். நடந்து முடித்தவர்கள் அன்றிரவு வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். தோல் கிழிந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ, ஏழு கறிச் சாப்பாடு முடிந்த மறுநாள் காலையே சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நிறுத்திய மாத்திரைகளை எந்த வேளையிலிருந்து மறுபடி தொடங்குவது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.